விடையின்றி முடிந்த விசாரணை
தொலைக்காட்சிக் குற்ற நாடகம் ஒன்றைக் குறித்த இறையியல் திறனாய்வு

வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு கைது என்னும் முறையில் ஓடும் தொலைக்காட்சிக் குற்ற நாடகங்களுக்கு இறையியல் ஏட்டில் இடமுண்டா என வாசகர் சிலர் வினவக்கூடும். சபை மக்கள் அவற்றைக் காண்கின்றனர். ஆயர்களும் காண்கின்றனர், ஒப்புக்கொள்வோர் சிலரே. குற்றம், சாட்சி, விசாரணை, ஒப்புதல், தீர்ப்பு ஆகிய சொற்கள் காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் உரியன. எனினும் திருமறையிலும் நம் வழிபாட்டு ஒழுங்கிலும் அவற்றிற்கு நிலையான இடமுண்டு. ஆகவே மக்கள் இரவுதோறும் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து குற்றத்தைப் பற்றியும் குற்ற ஒப்புதலைப் பற்றியும் எதைக் கற்றுக்கொள்கின்றனர் என்று அறிவது, ஞாயிறுதோறும் பாவ அறிக்கையை நடத்தும் நமக்கு அயலான செய்தி ஆகாது.

இந்நாடக வகையில் ஓர் அத்தியாயம் மற்றவற்றினும் உயர்ந்து நிற்பது எதனால் என்பதே இக்கட்டுரையின் வினா. கதைச் சிக்கலின் நுட்பம், நடிப்பின் சிறப்பு, எதிர்பாராத முடிவு எனப் பலரும் பலவற்றைக் கூறுவர். அவை யாவும் வேண்டியனவே. ஆயினும் காண்போரை நீதிபதியின் இருக்கையினின்று எழுப்பிவிடும் ஆற்றல் எந்த அத்தியாயத்திற்கு உண்டோ அதுவே நிலைத்து நிற்கும் என்பது நம் கருத்து. இதனை விளக்க அமெரிக்கத் தொடர் ஒன்றின் ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

1. வழக்கமான இலக்கணம்

முதலில் இவ்வகை நாடகத்தின் பொது இலக்கணத்தை நினைவுகூர்வது நலம். 1971இல் தொடராக ஒளிபரப்பாகத் தொடங்கிய 'கொலம்போ'வை மூத்த வாசகர் சிலர் அறிந்திருப்பர். அதில் கொலையையும் கொலைஞனையும் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுவர். கசங்கிய மழைக்கோட்டு அணிந்த துப்பறிவாளர், செல்வமும் செருக்கும் மிக்க அம்மனிதனை எவ்வாறு மடக்குவார் என்று காண்பதே அங்குச் சுவை. வேறு தொடர்களில் கொலைஞன் இறுதிவரை மறைந்திருப்பான். ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு ஒருவன் மட்டும் எஞ்சுவான். முறை எதுவாயினும் உறுதிமொழி ஒன்றே: ஒளிபரப்பு நேரம் முடியுமுன் உண்மை வெளிப்படும், குற்றவாளி பிடிபடுவான்.

இவ்வுறுதிமொழியில் ஆறுதல் உண்டு. அதனை நாம் இழித்துரைக்கவில்லை. மறைவானது வெளியரங்கமாகும் என்பது நம் விசுவாசமும் ஆகும். ஆனால் இந்த ஆறுதலுக்கு ஒரு விலையுண்டு. தீமை முழுவதும் ஒருவன் தலையில் ஏற்றப்படுகிறது. அவனை அழைத்துச் சென்றதும் ஊர் தூய்மையாகிவிடுகிறது. காண்கின்ற நாமும் தூய்மையானோராய் உறங்கச் செல்கிறோம். மனந்திரும்புதல் எவரிடமும் கேட்கப்படுவதில்லை. பிடிபட்டவனிடம்கூட ஒப்புதலே கேட்கப்படுகிறது. திறமையாக எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் மறுநாளே மறந்துபோவதற்கு இதுவே காரணம் எனலாம். அவை நம்மிடம் எதையும் விட்டுச் செல்வதில்லை.

2. பின்னணி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த துறைமுக நகரம் பால்டிமோர். 'பால்டிமோர் சன்' நாளிதழின் செய்தியாளர் டேவிட் சைமன் 1988ஆம் ஆண்டு முழுவதும் அந்நகரக் காவல்துறையின் கொலைப் புலனாய்வுப் பிரிவினருடன் உடனிருந்து, தாம் கண்டதை 1991இல் நூலாக வெளியிட்டார். அவ்வோராண்டில் அந்நகரில் நிகழ்ந்த கொலைகள் 234. அவற்றுள் ஒன்று ஒரு சிறுமியின் கொலை. அதனைப் புலனாய்ந்த அதிகாரி ஒரு முதியவர்மேல் ஐயங்கொண்டு அவரை மீண்டும் மீண்டும் விசாரித்தார், ஒப்புதல் கிடைக்கவில்லை, வழக்கும் தீரவில்லை.

இந்நூலைத் தழுவியதே 'ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்' என்னும் தொடர். 1993 ஜனவரி முதல் 1999 மே வரை என்.பி.சி. நிறுவனத்தால் 122 அத்தியாயங்களாக ஒளிபரப்பப்பட்டது. கையில் ஏந்திய படக்கருவியால் பால்டிமோர்த் தெருக்களிலேயே படம்பிடிக்கப்பட்டமையால், மெருகற்ற உண்மைத்தன்மை அதில் உண்டு. கொலைப் பிரிவின் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கும். கொலையுண்டோர் பெயர்கள் அதில் எழுதப்படும். தீர்ந்த வழக்குகள் கறுப்பிலும் தீராதவை சிவப்பிலும். அப்பிரிவிற்குப் புதிதாக வந்த டிம் பேலிஸ் என்னும் இளம் அதிகாரிக்குக் கிடைக்கும் முதல் வழக்கு, அடீனா வாட்சன் என்னும் பதினொரு வயதுச் சிறுமியின் கொலை. நாம் எடுத்துக்கொண்ட அத்தியாயம் அவ்வழக்கின் உச்சக்கட்டமாகும். 'மூன்று ஆண்களும் அடீனாவும்' என்று பொருள்படும் தலைப்புடைய அது, 1993 மார்ச் 3ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் டாம் ஃபான்டானா. இயக்கியவர் மார்ட்டின் காம்ப்பெல். அவ்வாண்டின் சிறந்த நாடக எழுத்திற்கான எம்மி விருது இதற்கே கிடைத்தது.

3. அறைக்குள் நிகழ்வது

ஏறத்தாழ அத்தியாயம் முழுவதும் ஒரே அறைக்குள் நிகழ்கிறது. மேசை, நாற்காலிகள், மூன்று ஆண்கள், வேறொன்றுமில்லை. விசாரிக்கப்படுபவர் ரிஸ்லி டக்கர் என்னும் கறுப்பின முதியவர். குதிரை வண்டியில் பழமும் காய்கறியும் தெருத்தெருவாகக் கூவி விற்பவர். அச்சிறுமியை அவர் நன்கு அறிவார். அவர்மேல் ஐயங்கொள்ளச் சூழ்நிலைச் சான்றுகள் சில உள்ளன. வழக்கை நிலைநிறுத்தத்தக்க நேர்ச்சான்று இல்லை. முன்னரே பலமுறை விசாரிக்கப்பட்டவராதலால் இதுவே கடைசி வாய்ப்பு. பன்னிரண்டு மணி நேரத்திற்குள் அவர் ஒப்புக்கொள்ளாவிடில் விட்டுவிட வேண்டும்; பின்னர் அழைக்க இயலாது.

விசாரிப்போர் இருவர். ஒருவர் பேலிஸ். மற்றவர் ஃப்ராங்க் பெம்பிள்டன். யேசு சபையாரிடம் கல்வி பயின்ற கத்தோலிக்கர், கறுப்பினத்தவர், விசாரணைக் கலையில் தமக்கு ஒப்பாரில்லை என்னும் செருக்குடையவர். விசாரணை என்பது ஒருவகை விற்பனையே என்றும், வாங்குவோனுக்கு எவ்விதப் பயனும் தராத நீண்ட சிறைவாசத்தை அவனே விரும்பி வாங்கும்படி விற்பதே தம் தொழில் என்றும் தொடரின் முதல் அத்தியாயத்திலேயே கூறியவர் இவர். பெம்பிள்டனாக நடித்த ஆன்ட்ரே ப்ராவர் 2023இல் மறைந்தார். டக்கராக நடித்த மோசஸ் கன் இவ்வத்தியாயம் வெளிவந்த அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். பேலிஸாக நடித்தவர் கைல் செக்கார்.

ஒருவர் கனிவு காட்ட மற்றவர் கடுமை காட்டுகிறார். பின்னர் முறை மாறுகிறது. முதியவரின் குடிப்பழக்கம், எரிந்துபோன குதிரைக் கொட்டில், தனிமை, சிறுமியோடு அவருக்கிருந்த பழக்கம் ஆகிய யாவும் ஒவ்வொன்றாகக் கிளறப்படுகின்றன. நேரம் செல்லச்செல்ல அதிகாரிகளின் உத்திகள் தீர்ந்துபோகின்றன. பேலிஸ் தம் கட்டுப்பாட்டை இழந்து வன்முறையின் விளிம்புவரை செல்கிறார். அப்பொழுதுதான் எதிர்பாராதது நிகழ்கிறது. வாட்டப்பட்ட முதியவர் தலைநிமிர்ந்து, தம்மை விசாரிப்போரை விசாரிக்கத் தொடங்குகிறார். பெம்பிள்டனை நோக்கி, நீ உன் இனத்து ஏழைகளை வெறுப்பவன், எங்களினும் உயர்ந்தவன் என்று எண்ணுபவன் என்கிறார். பேலிஸை நோக்கி, உன்னுள் நீயே காண அஞ்சும் இருள் ஒன்றுண்டு என்கிறார். இருவராலும் மறுமொழி கூற இயலவில்லை.

இறுதியில் ஓர் ஒப்புதலும் வருகிறது. ஆனால் கேட்கப்பட்ட ஒப்புதல் அன்று. தம் வாழ்வில் தாம் பெரிதும் அன்புகொண்டது அப்பதினொரு வயதுச் சிறுமியிடமே என்று டக்கர் கண்ணீரோடு கூறுகிறார். அவ்வன்பின் தன்மையைக் குறித்து அவரே நாணுகிறார். எனினும் தாம் அவளைக் கொல்லவில்லை என்கிறார். நேரம் முடிகிறது; அவரை விட்டுவிடுகின்றனர். டக்கரே கொலைஞர் என்று உறுதியாக நம்பி உள்ளே சென்ற பேலிஸுக்கு இப்பொழுது அந்த உறுதி இல்லை. ஐயத்தோடு உள்ளே சென்ற பெம்பிள்டனோ இப்பொழுது அவரே கொலைஞர் என்று நம்புகிறார். ஒரே அறையில், ஒரே சொற்களைக் கேட்ட இருவர் எதிரெதிர் முடிவுகளோடு வெளியேறுகின்றனர். அடீனாவின் பெயர் சிவப்பிலேயே நிற்கிறது.

4. உயர்ந்து நிற்பதற்குரிய காரணங்கள்

இவ்வத்தியாயத்தின் சிறப்பிற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, அது தன்னைத் தானே குறுக்கிக்கொள்கிறது. ஓட்டமும் துரத்தலும் இல்லை. புதிய சாட்சிகள் வருவதில்லை. பேச்சும் முகமும் மௌனமும் மட்டுமே. ஃபான்டானா மேடை நாடகங்கள் எழுதியவர். அப்பயிற்சி இங்கே துணைநின்றது. இடம் குறுகக்குறுக மனிதர் விரிகின்றனர். 2025இல் வெளியான 'அடோலசன்ஸ்' என்னும் ஆங்கில நாட்டுத் தொடரின் மூன்றாம் அத்தியாயமும் இதற்குச் சான்று. கொலை செய்த பதின்மூன்று வயதுச் சிறுவனும் அவனைச் சந்திக்க வந்த உளவியலாளரும் ஓர் அறையில் பேசிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் அதன் உள்ளடக்கம். இடையில் வெட்டப்படாத ஒரே காட்சியாக அது எடுக்கப்பட்டது. மூன்று பத்தாண்டுகளுக்குப் பின்னும் அறையொன்றே போதுமானதாயிருக்கிறது.

இரண்டாவது, குற்றம் சாட்டுவோரும் குற்றம் சாட்டப்படுவோரும் இடம் மாறுகின்றனர். தாவீதிடம் நாத்தான் செய்ததை (2 சாமுவேல் 12) ஈண்டு நினைவுகூரலாம். பிறனுடைய ஆட்டுக்குட்டியைப் பறித்தவன்மேல் சினந்து தீர்ப்புக் கூறிய அரசன், அத்தீர்ப்பு தன் மேலேயே விழக் கண்டான். அவனை வீழ்த்தியது அவன் நீதியுணர்வே. இந்நாடகத்திலும், முதியவர் குற்றவாளி என்று தொடக்கத்திலேயே முடிவுகட்டிவிட்ட காண்போர், அதிகாரிகளோடு சேர்ந்து தாமும் அந்த மேசையின் மறுபுறம் அமர்த்தப்படுவதை உணர்கின்றனர். அவர் வாயினின்று ஒப்புதல் எவ்வாறேனும் வரவேண்டும் என்று நாமும் விரும்பினோம் அல்லவா? பேலிஸின் கை ஓங்கியபோது நம்முள் ஒரு பகுதி அதற்கு இசைந்தது அல்லவா?

மூன்றாவது, அது விடையளிக்க மறுக்கிறது. இம்மறுப்பு புதுமைக்காகச் செய்யப்பட்டதன்று. உண்மையில் கொலையுண்ட சிறுமியின் வழக்குத் தீராதிருக்க, நாடகத்தில் மட்டும் அதனைத் தீர்த்துவைப்பது அவளுக்கு இழைக்கும் பொய்யாகியிருக்கும். உண்மைக்குக் காட்டிய இந்த மரியாதையே நாடகத்தின் அறநெறியாகவும் கலைநெறியாகவும் ஆயிற்று.

5. ஒப்புதலும் அறிக்கையும்

குற்ற ஒப்புதலும் பாவ அறிக்கையும் ஒன்றல்ல என்பதை இந்நாடகம் தெளிவாக உணர்த்துகிறது. பெம்பிள்டன் பயன்படுத்தும் கருவிகள் யாவும் ஒரு நல்ல ஆயரின் கருவிகளே: பொறுமை, கூர்ந்து கேட்டல், மெல்லிய குரல், தனித்த அறை, எதையும் கூறலாம் என்னும் உறுதி. ஆயினும் அவை விடுதலைக்காகப் பயன்படவில்லை. கூறியவுடன் கைது காத்திருக்கிறது. இரக்கத்தின் வடிவம் உண்டு, இரக்கம் இல்லை.

திருமறை இத்தகைய காட்சியை அறியாததன்று. யோசுவா ஆகானை மகனே என்று அழைத்து, தேவனை மகிமைப்படுத்தி உள்ளதைக் கூறும்படி கேட்டான். ஆகானும் கூறினான், கல்லெறிந்து கொல்லப்பட்டான் (யோசுவா 7). அப்பகுதியைப் பிரசங்கிக்கும் நாம் அந்த விளிச்சொல்லின் முன் சற்றே நடுங்க வேண்டும். ஆயர் பணியில் இருப்போர் யாவரும் இச்சோதனையை அறிவர். ஒருவர் நம்மிடம் மனம் திறக்கும்போது, அவர் குணமடைய வேண்டும் என்னும் விருப்பத்தோடு, நாம் எண்ணியதே சரி என்று உறுதிப்பட வேண்டும் என்னும் விருப்பமும் நம்முள் எழுகிறது. முன்னரே வகுத்துவைத்த விடையைப் பெறும்வரை கேள்வி கேட்பவர் விசாரிக்கிறாரேயன்றிக் கேட்கவில்லை. டக்கர் தம் வாழ்வின் மிகுந்த வேதனையான உண்மையைக் கூறியபோது, அதனை உண்மையாகக் கேட்க அவ்வறையில் ஒருவருமில்லை. கொலைக்கான ஒப்புதல் அன்று என்பதனாலேயே அது பயனற்ற பேச்சாயிற்று.

இத்தொடர் பேலிஸை இத்தோடு விட்டுவிடவில்லை. இளமையில் உறவினர் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானவர் அவர் என்பது பிற்பட்ட ஆண்டுகளில் வெளிப்படுகிறது. டக்கர் கண்ட இருள் கற்பனையன்று. 1999இல் ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தின் தலைப்பு, கர்த்தர் கற்பித்த செபத்தின் மன்னிப்பு வேண்டுதலினின்று எடுக்கப்பட்டது. சட்ட நடைமுறைக் குறையால் விடுதலையான கொலைஞன் ஒருவன் அதில் சுட்டுக் கொல்லப்படுகிறான். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடரின் நிறைவாக வெளியான திரைப்படத்தில், அவனைக் கொன்றது தாமே என்று பேலிஸ் தம் பழைய தோழர் பெம்பிள்டனிடம் தாமாகவே கூறி, தம்மைச் சட்டத்தின்முன் நிறுத்துமாறு வேண்டுகிறார். பன்னிரண்டு மணி நேரம் அவ்வறையில் இருவரும் தேடிய அறிக்கை, ஏழாண்டுகளுக்குப்பின் தேடியவரிடமிருந்தே வந்தது. அதனைக் கேட்ட பெம்பிள்டன் மனம் உடைந்துபோகிறார். பிறர் பாவத்தை விற்பனைப் பொருளாகக் கண்டவருக்கு, நண்பரின் பாவம் தாங்கொணாச் சுமையாயிற்று.

6. அளவுகோலும் அருகிலுள்ள ஊரும்

தீராத கொலைக்குத் திருமறை வகுத்த ஒழுங்கு ஒன்றுண்டு. நம் பிரசங்க மேடைகளில் அது அரிதாகவே ஒலிக்கிறது. வயல்வெளியில் ஒருவன் வெட்டுண்டு கிடக்க, கொன்றவன் இன்னாரென்று தெரியாவிடில், மூப்பரும் நியாயாதிபதிகளும் வந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு உள்ள தொலைவை அளக்க வேண்டும். எந்த ஊர் அருகிலுள்ளதோ அவ்வூர் மூப்பர், வேலையில் பழக்கப்படாத கிடாரியைப் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுசென்று அதன் கழுத்தை முறித்து, கைகளைக் கழுவி, மக்களுக்காக மன்னிப்பு வேண்ட வேண்டும் (உபாகமம் 21:1-9). கொலைஞன் தெரியவில்லை என்பதால் வழக்கு முடிவதில்லை. அப்பொழுதுதான் ஊரின் பொறுப்புத் தொடங்குகிறது.

மூப்பர் கொலைஞர் என்று எவரேனும் எண்ணுவரோ என மிஷ்னாவின் சோத்தா பகுதி வினவுகிறது. எண்ணார்; ஆனால் அந்த வழிப்போக்கன் உணவின்றியும் துணையின்றியும் தங்கள் ஊரைக் கடந்துபோக விட்டனரா என்பதற்கு அவர்கள் விடைகூற வேண்டும் என்று அது விளக்குகிறது. பிலாத்துவும் கை கழுவினான். அவன் பொறுப்பைத் துறப்பதற்காகக் கழுவினான். இம்மூப்பரோ பொறுப்பின் இடத்தில் நின்று கழுவினர். கொலைஞர் பெருகியபோது கிடாரியின் கழுத்தை முறிக்கும் அவ்வழக்கம் நின்றுபோயிற்று என்றும் அதே மிஷ்னா கூறுகிறது. ஆண்டிற்கு 234 கொலைகள் நிகழ்ந்த நகரில், ஒவ்வொரு உடலுக்காகவும் யார் நின்று அளப்பர்? வாரந்தோறும் கொலையைக் காட்டும் தொலைக்காட்சியிலும் அவ்வழக்கம் நின்றுபோனதே.

நாம் எடுத்துக்கொண்ட அத்தியாயம் அந்த அளவுகோலை மீண்டும் கையில் எடுக்கிறது. அடீனாவின் உடலிலிருந்து ரிஸ்லி டக்கருக்கு எவ்வளவு தொலைவு, பேலிஸுக்கு எவ்வளவு தொலைவு, தன் சிறுமிகளைக் காக்கத் தவறிய நகரத்திற்கு எவ்வளவு தொலைவு என்று அது அளக்கிறது. சிறந்த குற்ற நாடகத்தின் இலக்கணம் இதுவே என்போம்: கொலைஞனைச் சுட்டும் விரலோடு நில்லாது, தொலைவை அளக்கும் கோலையும் அது தன்னகத்தே கொண்டிருக்கும்.

7. ஒரு குறை

புகழ்ச்சியோடு குறையையும் கூறுதல் திறனாய்வின் கடன். தலைப்பில் அடீனாவின் பெயர் உண்டு. அறையில் அவள் இல்லை. ஆண்கள் மூவரின் உள்ளங்களும் திறக்கப்படுகின்றன. அவளோ அவர்கள் பேச்சிலும் படங்களிலும் மட்டுமே வருகிறாள். அவள் எதை விரும்பினாள், எதற்கு அஞ்சினாள் என்பவற்றை அம்மூவரின் வாய்வழியாகவே அறிகிறோம். அவளை ஈன்றவளின் துயரம் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. 'அடோலசன்ஸ்' தொடரிலும் இக்குறை உண்டு. ஆனால் கொன்றவனையே எல்லாரும் நினைவில் கொள்வர், கொலையுண்டவளை ஒருவரும் நினையார் என்று ஒரு பெண் அதிகாரியே அதில் வருந்திக் கூறுகிறார். நிலத்திலிருந்து கூப்பிடும் ஆபேலின் இரத்தத்திற்கு ஆண்டவர் செவிகொடுத்தார். நம் நாடகங்கள் காயீனின் உள்ளத்தை ஆராய்வதிலேயே பெரும்பாலும் நேரத்தைச் செலவிட்டுவிடுகின்றன. நம் பிரசங்கங்களும் அவ்வாறே என்றால் மிகையாகாது.

முடிவுரை

அரைமணி நேரப் பிரசங்கத்திற்குள் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிட வேண்டும் என்னும் நெருக்கடி நமக்கும் உண்டு. பாவியைச் சுட்டி, தீர்வைக் கூறி, வாழ்த்துக் கூறி அனுப்புகிறோம். மக்களும் தூய்மையானோராய் வீடு திரும்புகின்றனர். கைவிலங்கோடு முடியும் குற்ற நாடகத்திற்கும் அத்தகைய பிரசங்கத்திற்கும் வேறுபாடு மிகுதியன்று. தீராத துயரங்கள் நம் சபைகளில் உண்டு. யார் செய்தது என்று தெரியாத தீங்குகளும் உண்டு. தெரிந்தும் கூறாதவை அவற்றினும் மிகுதி. அவற்றிற்குப் பொய்யான முடிவு கூறாமல், அருகில் நின்று தொலைவை அளந்து, எங்களையும் மன்னியும் என்று வேண்டும் ஊழியம் ஒன்று மூப்பருக்கும் ஆசாரியருக்கும் அன்றே ஒப்படைக்கப்பட்டது. அவ்வூழியத்தை ஒரு தொலைக்காட்சி அத்தியாயம் நமக்கு நினைவூட்டுமாயின், அதனைக் காணச் செலவிட்ட ஒரு மணி நேரம் வீணாகாது.